டெக்சஸ் கரிசலில் மர டெக்

டெக்சஸ் மாநிலத்தில் ரெட் ரிவர் ஆற்றங்கரையில் தொடங்கி, டாலஸ், வேகோ, டெம்பிள் வழியாக சான் அன்டோனியோ வரை சுமார் 300 மைல் நீளத்துக்கு ஒரு கரிசல் பட்டை ஓடுகிறது. பிளாக்லேண்ட் பிரெய்ரி என்று அதற்குப் பெயர். ஐ-35 நெடுஞ்சாலை ஏறக்குறைய இதன் மேற்கு ஓரத்தை ஒட்டியே போகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலும் இதுவும் மண்ணியல் வகைப்பாட்டில் ஒரே இனம்; இரண்டுமே வெர்ட்டிசால். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு அருமையான மண்தான். கட்டடத்துக்கு இதைவிடத் தொல்லை கொடுக்கும் மண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பின்கதவுக்கு வெளியே, தரையிலிருந்து சற்று உயர்த்திப் போடும் திறந்த மரத்தளமான டெக், பார்வைக்கு எளிய வேலை. இந்த மண்ணில் அது நேராக நிற்பதுதான் பாடு.

தொல்லைக்குக் காரணம் ஸ்மெக்டைட் என்ற களிமண் வகை. அதன் நுண்ணிய தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் வெளியேறினால் சுருங்கும். டாலஸிலிருந்து சான் அன்டோனியோ வரை சுமார் 15 லட்சம் ஏக்கரில் பரவியிருக்கும் ‘ஹூஸ்டன் பிளாக்’ மண்ணில் ஏறக்குறைய பாதி களிதான். ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த வறட்சிக்கும் இடையே தரை சில அங்குலம்கூட ஏறி இறங்கும். மொத்தத் தரையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. அப்படி நடப்பதில்லை என்பதுதான் விஷயம். புல்லுக்குத் தண்ணீர் பாயும் பக்கம் உப்பியே இருக்கும். ஓக் மரத்தின் வேர் உறிஞ்சும் பக்கம் அமுங்கும். டெக்குக்கு அடியில் நிழல் இருப்பதால் ஈரம் மெதுவாகப் போகும். அதன் வெளி ஓரத்தில் வெயில் நேரடியாக அடிக்கும். ஆகவே ஆகஸ்டில் வெளிவரிசைக் கால்கள் இறங்குகின்றன, மே மாத மழையில் திரும்ப ஏறுகின்றன. ஒரே டெக்கின் ஆறு கால்கள் ஆறு விதமாக அசைகின்றன.

வெயிலும் சாதாரண வெயில் அல்ல. டாலஸ் வட்டாரத்தில் 1980இல் தொடர்ந்து 42 நாள் 100 பாரன்ஹீட் டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது. 2011இல் தொடர்ந்து 40 நாள், அந்த ஆண்டு முழுவதும் சேர்த்து 71 நாள். இந்த ஊரில் கோடை வந்தால் வீட்டின் அஸ்திவாரத்துக்கே தண்ணீர் விடுவார்கள். உடம்பெல்லாம் நீர் கசியும் சோக்கர் ஹோஸ் என்ற குழாயைச் சுவரிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிப் போட்டு மண்ணை ஒரே ஈரத்தில் வைத்திருப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், சுவரில் முதல் விரிசலைப் பார்க்கும் வரை.

டெக் கட்டுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதை வீட்டுச் சுவரோடு சேர்ப்பதா, தனியே நிறுத்துவதா என்பது. குளிர் மாநிலங்களில் எழுதப்படும் கையேடுகள் பெரும்பாலும் சுவரில் லெட்ஜர் என்ற சட்டத்தை போல்ட் போட்டு முடுக்கி, டெக்கின் ஒரு பக்கத்தை அதில் தாங்கச் சொல்லும். டெக்சஸ் கரிசலில் இந்த யோசனையை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம். இங்கே பெரும்பாலான வீடுகளின் வெளிச்சுவரில் தெரியும் செங்கல் வெறும் போர்வை. சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். அந்தச் செங்கல் போர்வையில் டெக்கைத் தொங்கவிடுவதைக் கட்டட விதி ஏற்காது. அதைவிட முக்கியமான காரணம் மண். வீடு ஒரே பலகையாக வார்த்த கான்கிரீட் ஸ்லாப் மீது மிதக்கிறது, டெக் தனித்தனிக் கால்களில் நிற்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் அசையாது. இரண்டையும் போல்ட்டால் பிணைத்தால் ஏதாவது ஒன்று பிய்ந்துதான் தீரும். சுவருக்கும் டெக்குக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டு, நான்கு பக்கமும் சொந்தக் காலில் நிறுத்துவதே இங்கே சரி. செங்கல் சுவரின் அடியில் ஈரம் வெளியேற விட்டிருக்கும் சிறு துளைகளும் அப்போது அடைபடாது. கரையான் ஏறுகிறதா என்று ஸ்லாபின் விளிம்பைக் குனிந்து பார்க்கவும் முடியும்.

தனியே நிறுத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. அமெரிக்காவின் பொதுவான வீட்டுக் கட்டட விதிப்படி, 200 சதுர அடிக்கு மிகாமல், எந்த இடத்திலும் தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயராமல், வீட்டோடு சேராமல், அவசர வழியாகக் கணக்கிடப்பட்ட கதவுக்கு முன்னால் இல்லாமல் இருக்கும் டெக்குக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு நகரமும் இந்த விதியைத் தன் விருப்பத்துக்குத் திருத்தி வைத்திருக்கும். குடியிருப்போர் சங்கம் தனியாக ஒரு கையெழுத்து கேட்கும். விசாரித்துக்கொள்வது நல்லது. 30 அங்குலத்தைத் தாண்டினால் 36 அங்குல உயரக் கைப்பிடியும் கட்டாயம். தோண்டுவதற்கு முன் 811 எண்ணுக்கு அழைத்தால் எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் கம்பிகள் போகும் தடத்தை இலவசமாக வந்து வண்ணம் அடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். இந்த அழைப்பை விட்டுவிடுகிறவர்கள் எரிவாயுக் குழாயோடு விளையாடுகிறார்கள்.

இனி மரம். இங்கே கிடைப்பது சதர்ன் பைன். கிழக்கு டெக்சஸ் தொடங்கி ஜார்ஜியா, கரோலினா வரை வளரும் பைன் வகைகளின் பொதுப்பெயர். தமிழ்நாட்டுத் தச்சரோடு மரம் வாங்கப் போனால் வைரம் பாய்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். வெளிறு என்றால் தள்ளிவிடுவார். மருந்தேற்றிய மரத்தில் கணக்கு தலைகீழ். சதர்ன் பைனின் வெளிறுதான் மருந்தை ஆழமாக உறிஞ்சுகிறது. வைரப் பகுதிக்குள் மருந்து சரியாகப் போவதில்லை. இந்த மரத்தில் வெளிறு மிகுதி என்பதாலேயே இது இந்தத் தொழிலுக்கு வாய்த்தது.

மருந்தேற்றும் முறை பழையது. மரத்தைப் பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி, மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, மருந்து நீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்து மரத்தின் உள்ளே செலுத்துவார்கள். 1838இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அன்று ஏற்றியது கிரியோசோட் எண்ணெய், பயன்பட்டது ரயில் தண்டவாளக் கட்டைகளுக்கு. பின்னர் உலகம் முழுவதும் கோலோச்சிய தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலவையான சி.சி.ஏ. மருந்தைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்: டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சொந்தி காமேசம், 1933இல். அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் பல பத்தாண்டுகள் பச்சை நிறத்தில் நின்ற டெக்குகளெல்லாம் அவருடைய கலவையில் ஊறியவைதான் என்பது அங்கே பலருக்குத் தெரியாது. ஆர்செனிக் பயத்தால் 2003 டிசம்பர் 31க்குப் பிறகு வீட்டு உபயோக மரத்துக்கு சி.சி.ஏ. ஏற்றுவது நின்றது. இப்போது வருவது தாமிரம் மிகுந்த வேறு கலவைகள். இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு: மரத்தில் தாமிரம் கூடியதால், சாதாரண இரும்பு ஆணி அதில் சீக்கிரம் அரித்துப்போகும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணியும் தகடும் வேண்டும், அல்லது துருப்பிடிக்காத எஃகு. அலுமினியம் அறவே கூடாது. மரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுத் திருகில் மிச்சம் பிடிப்பது இந்த வேலையில் அடிக்கடி காணப்படும் சிக்கனம்.

கடையில் பலகையின் தலைமாட்டில் ஸ்டேப்ளர் போட்டு ஒட்டிய ஒரு சிறு பிளாஸ்டிக் சீட்டு இருக்கும். வாங்குபவர்கள் அதைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள். படிக்க வேண்டியதே அதைத்தான். எந்த மருந்து, ஒரு கன அடிக்கு எத்தனை பவுண்டு, எந்த உபயோகத்துக்கு என்று அதில் அச்சிட்டிருக்கும். யூ.சி.3பி என்றால் தரைக்கு மேலே மட்டும். யூ.சி.4ஏ என்றால் மண்ணைத் தொடலாம். கால், உத்தரம், உத்தரத்தின் மேல் குறுக்கே கிடந்து பலகையைத் தாங்கும் ஜாய்ஸ்ட் எல்லாவற்றுக்கும் 4ஏ வாங்குவதே புத்திசாலித்தனம். தாழ்ந்த டெக்கில் அடிச்சட்டத்தைப் பின்னால் மாற்றுவது மேலே உள்ள அத்தனை பலகையையும் கழற்றும் வேலை. மரத்தை அறுத்த இடத்தில் மருந்து ஏறாத உள்மரம் வெளியே தெரியும். அந்த முனைகளில் காப்பர் நாப்தனேட் கரைசலைத் தூரிகையால் பூச வேண்டும். ஐந்து நிமிட வேலை, பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் இதுவே.

அழுகலுக்கும் கரையானுக்கும் ரசாயனம் பதில் சொல்லிவிட்டது. மண்ணின் அசைவுக்கு எந்த மருந்தும் கிடையாது. எனவே பணத்தையும் யோசனையையும் மேலே தெரியும் பலகையைவிடக் கீழே மறையும் குழிக்கே அதிகம் செலவிட வேண்டும்.

வடமாநிலங்களில் குழியின் ஆழத்தை உறைபனி தீர்மானிக்கிறது. டாலஸில் பனி மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதில்லை. விதி கேட்கும் குறைந்தபட்சம் 12 அங்குலம்தான். அந்தப் பன்னிரண்டை நம்பி இந்த மண்ணில் குழி எடுத்தால் டெக் மண்ணோடு சேர்ந்து ஆடும். மண்ணின் ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறுகிற ஆழம் இங்கே 10 அடிக்கும் கீழே போகக்கூடும். வீட்டுக்குத் தூண் போடும்போது அதைத் தாண்டித் துளைத்து, அடியில் மணிபோல அகலப்படுத்துவார்கள். அகன்ற அடி தூணை மேலே கிளம்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் கரிசல் மண்ணுக்கென்று ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த குமிழ் அடித் தூணும் இதே தத்துவம்தான்.

ஒரு சாதாரண டெக்குக்கு அவ்வளவு ஆழம் போவது செலவைக் கூட்டும். ஆகவே இங்கே நேர்மையான வழி இரண்டு. ஒன்று, எந்திரத் துரப்பணத்தோடு ஆள் வைத்து ஆழமாகத் துளைத்து, முழு நீளத்துக்குக் கம்பி போட்டு, அசையாத மண்ணில் நிறுத்துவது. மற்றொன்று, அசைவை ஒப்புக்கொண்டு, ஆழம் குறைந்த அடித்தூணின் மேல் உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய இரும்புப் பாதம் வைப்பது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டப்பலகை வைத்துப் பார்த்து, இறங்கிய காலை ஏற்றிக்கொள்வது. பலரும் செய்வது இரண்டுக்கும் நடுவே: மூன்றடி குழி தோண்டி, மரக்காலை உள்ளே நிறுத்தி, கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிடுவது. தோண்டிய பாடும் வீண், பின்னால் திருத்தவும் வழியில்லை. போதாக்குறைக்கு, மரம் காய்ந்து சுருங்கும்போது கான்கிரீட்டுக்கும் அதற்கும் நடுவே சந்து விழுந்து நீர் தேங்கும். மரக்கால் எப்போதும் கான்கிரீட்டுக்கு மேலேதான் நிற்க வேண்டும், ஓர் அங்குலம் தூக்கிப் பிடிக்கும் பாதத்தில்.

குழியின் வாயைக் கவனிக்க வேண்டும். மண்வெட்டியால் தோண்டினால் மேல்பக்கம் அகன்று போகும். அதில் ஊற்றிய கான்கிரீட் காளான் தலைபோல விரிந்து உறையும். அந்த விரிந்த விளிம்பின் அடியில் களி உப்பும்போது தூணை அப்படியே நெம்பித் தூக்கிவிடும். மேலே சில அடிக்காவது அட்டைக் குழாய் வைத்து, சுவரை வழவழப்பாகவும் நேராகவும் வார்த்தால் மண் பிடித்து இழுக்கும் இடம் குறையும். அடியில் ஜல்லி போடும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடலாம். மணல் பூமியில் ஜல்லி நீரை வடிக்கும். களியில் அது வடிய வழியில்லாத தொட்டியாகி, மழைநீரைச் சேர்த்து வைத்து அடி மண்ணை உப்ப வைக்கும். 12 அங்குல அகலம், 4 அடி ஆழக் குழிக்கு 80 பவுண்டு மூட்டை ஐந்தாறு தேவைப்படும். கோடையில் கலவையை விடிகாலையில் ஊற்றி, ஈரச் சாக்கால் மூடி வைப்பார்கள்; நண்பகலில் ஊற்றினால் மேல்தோல் உடனே காய்ந்து வெடிக்கும்.

தோண்டும் பருவமும் முக்கியம். ஆகஸ்டில் மண் செங்கல்போல இறுகியிருக்கும், துரப்பணம் வழுக்கும். பெருமழைக்குப் பின் பிசின்போல ஒட்டும். அக்டோபர், நவம்பரில் ஓரளவு ஈரம் இறங்கிய மண் கையாள எளிது. உடம்புக்கும் அதுவே நல்ல காலம்.

சட்டம் கட்டுவது இதோடு ஒப்பிட்டால் லேசானது. 12க்கு 16 அடி டெக்கை எடுத்துக்கொண்டால், 192 சதுர அடி. 16 அடி நீளத்தில் இரண்டு உத்தரம், ஒவ்வொன்றும் இரண்டு 2×10 பலகை சேர்த்தது. இரண்டுக்கும் நடுவே 10 அடி. உத்தரத்துக்கு மூன்று கால் வீதம் ஆறு கால்கள், ஏழடிக்கு ஒன்று. மேலே 2×8 ஜாய்ஸ்ட்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக, இருபுறமும் ஓரடி நீட்டிக்கொண்டு. இரண்டாம் தர சதர்ன் பைன் 2×8 இந்த இடைவெளியில் 11 அடி 10 அங்குலம் வரை தாங்கும் என்று விதியின் அட்டவணை சொல்கிறது. 10 அடி தாராளம். பழைய புத்தகங்களில் இதைவிடப் பெரிய எண்கள் இருக்கும். 2013இல் சதர்ன் பைனின் வலிமை மதிப்புகளைக் குறைத்தார்கள், அதனால் பழைய அட்டவணைகளை நம்பக்கூடாது. சுவரில் பிடிப்பு இல்லாத டெக் பக்கவாட்டில் ஆடும் என்பதால் கால்களுக்கும் உத்தரத்துக்கும் இடையே 45 டிகிரியில் சாய்வுக்கட்டைகள் வேண்டும். உத்தரம் காலின் பக்கத்தில் போல்ட்டில் தொங்காமல், காலின் தலையில் வெட்டிய படியில் உட்கார வேண்டும்.

இந்த அமைப்புக்கு இரண்டடி உயரமாவது தேவை. சரிவான கொல்லைக்குப் பொருந்தும். ஸ்லாப் வீடுகளில் கதவுப்படி பெரும்பாலும் தரைக்கு மிக அருகில் இருக்கும். அங்கே உத்தரமும் ஜாய்ஸ்ட்டும் ஒரே மட்டத்தில் ஹேங்கர் தகடுகளால் இணைக்கப்படும். இடைவெளி குறுகும், கால்கள் கூடும், காற்றோட்டம் குறையும். அப்படிப்பட்ட இடத்தில் மரத்துக்குப் பதிலாகக் கல் பாவிவிடுவதே மேல் என்று சொல்லத் தோன்றும்.

எந்த உயரமானாலும் டெக்கின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. பலகை போடும் முன்பே மண்ணை வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக, முதல் 10 அடிக்கு 6 அங்குலம் சரியும்படி சமன்படுத்த வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை டெக்கின் அடியில் விடுவது, வேண்டுமென்றே ஒரு காலை மட்டும் உப்ப வைப்பதற்குச் சமம்.

பலகை கடையிலிருந்து வரும்போது ஈரம் சொட்டச் சொட்ட வரும். அதை வெயிலில் பிரித்துப் போட்டால் இரண்டே நாளில் வில்லாக வளைந்தும் முறுக்கியும் நிற்கும். நிழலில் கட்டோடு அடுக்கி வைத்து, எடுத்த அன்றே திருகிவிட வேண்டும். ஈரப் பலகையை இடைவெளி விடாமல் ஒட்ட வைத்தே அடிப்பார்கள். ஐந்தரை அங்குலப் பலகை காய்ந்ததும் தானே எட்டில் ஒரு பங்கு அங்குலமோ சற்று அதிகமோ சுருங்கிச் சந்து விடும். மருந்தேற்றிய பின் சூளையில் உலர்த்திய பலகை என்றால் இடைவெளியைக் கட்டும்போதே விட வேண்டும். பலகைக்கு ஆணி வேண்டாம். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் ஊரில் ஆணி ஒவ்வொரு பருவத்துக்கும் கொஞ்சம் மேலே எழும், வெறுங்காலில் குத்தும். ஒவ்வொரு ஜாய்ஸ்ட்டிலும் இரண்டு திருகு, 3 அங்குலம்.

பூச்சுக்கு அவசரப்படக் கூடாது. மேலே சில துளி தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரியும்: முத்தாக நின்றால் மரம் இன்னும் ஈரம், உறிஞ்சினால் தயார். பருவத்தைப் பொறுத்துச் சில வாரமும் ஆகும், சில மாதமும் ஆகும். வெயில் மரத்தின் மேற்புறத்தைச் சிதைத்துச் சாம்பல் நிறமாக்குவதால் நிறமி கலந்த, பாதி ஊடுருவித் தெரியும் எண்ணெய்ப் பூச்சு நிறமற்ற பூச்சைவிட நீடிக்கும். அடர்ந்த பழுப்பு அழகாக இருக்கும், ஆனால் ஜூலை மதியத்தில் அதன்மேல் குழந்தைகள் கால் வைக்க முடியாது. வெளிர் நிறமே இங்கே பொருந்தும். டாலஸை ஒட்டிய இர்விங், பிரிஸ்கோ பக்கத்துத் தமிழ் வீடுகளில் இந்த வெயிலைப் பார்த்ததும் வடகம் போடத் தோன்றும். போடலாம், பலகையின் மேல் நேராக வேண்டாம், கட்டில் மேலோ மேசை மேலோ துணி விரித்துப் போட வேண்டும். மரத்தில் இருப்பது பூஞ்சையைக் கொல்லும் மருந்து.

அதே காரணத்தால் அறுத்து மிஞ்சிய துண்டுகளை அடுப்பிலோ பார்பிக்யூவிலோ எரிக்கக் கூடாது. 2004க்கு முன் கட்டிய டெக்கைப் பிரிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அந்தச் சாம்பலில் ஆர்செனிக் இருக்கும். ரம்பத்தூளைத் தார்ப்பாய் விரித்துச் சேகரித்து, துண்டுகளோடு நகராட்சி சொல்லும் குப்பைக்கிடங்குக்கு அனுப்புவதுதான் முறை. தோட்டத்து மண்ணில் கலந்துவிடக் கூடாது, காய்கறிப் பாத்திக்கு வரம்பாகவும் வைக்கக் கூடாது.